இரும்புப் படியில் ஏறி வருபவர்

தெருவில் அவரை எல்லோரும் மணிக்காரர் என்றே அழைத்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அவரைக் கடிகாரம் பழுதுபார்ப்பவர் என்று எண்ணி, நின்றுபோன கைக்கடிகாரத்தை நீட்டுவதும் உண்டு. அவர் அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற ஜாதி மணிங்க. நான் வைக்கிற மணி திருடன் வந்தாத்தான் அடிக்கும்" என்று திருப்பிக் கொடுப்பார்.

கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் வீடுகளுக்கும் எச்சரிக்கை மணி பொருத்துவது அவர் தொழில். ஒளிநகல் கடைக்கும் சலவைக் கடைக்கும் இடையில், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அகலத்தில் அவர் கடை இருந்தது. சுவரெல்லாம் கம்பிச் சுருள்கள். மேசைமேல் வெள்ளை நிறச் சிறு பெட்டிகள். அந்தப் பெட்டிக்கு ஒரு கண் உண்டு. அது உருவத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கும். சூடுள்ள உடம்பொன்று அதன் முன்னே குறுக்காக நகர்ந்தால், சிவப்பு விளக்கை எரியவிட்டு மணியை அடிக்கும். பெட்டியைப் பொருத்தி முடித்ததும் மணிக்காரர் தாமே திருடனாக மாறிச் சோதிப்பார். நடந்து பார்ப்பார்; குனிந்து பார்ப்பார்; தரையில் மார்பு படத் தவழ்ந்தும் பார்ப்பார். "இவ்வளவு அழகாத் தவழுறீங்களே, தொழிலை மட்டும் மாத்திடாதீங்க" என்று நகைக்கடை முதலாளி ஒருவர் கேலி செய்ததை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அவர் தொழிலில் மணிக்கு இரண்டே நோய்கள். யாரும் வராமலே அடித்தால் அது பொய் மணி. திருடன் வந்தும் அடிக்காவிட்டால் அது ஊமை மணி. பொய் மணி அடித்தால் கடைக்காரர் திட்டுவார், பக்கத்து வீட்டார் சன்னலைத் திறந்து திட்டுவார்கள், அதோடு முடிந்தது. ஊமை மணியோ கடையையே துடைத்துக்கொண்டு போய்விடும். ஆகையால், தொழில் தெரிந்தவன் எவனும் பெட்டிக்குள் இருக்கும், கண்ணின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பொய் மணியின் பக்கமாக ஒரு நூல் சாய்த்தே வைப்பான். மணிக்காரரும் அப்படியே வைப்பார். ஆனால் பாதிக்கு மேல் திருப்பமாட்டார். "பாதிக்கு மேல போனா அது மணி இல்ல, மாமியார். எலி தும்மினாக்கூடக் கத்தும்" என்னும் அவர் வாசகம் வாடிக்கையாளர்களுக்கு மனப்பாடம்.

வழிபாட்டு இடங்களிலும் அவர் மணி பொருத்தியிருக்கிறார். எந்தச் சமயத்தாரின் இடமாயினும், ஆண்டவன் அனைத்தையும் காண்கிறான் என்னும் பொருளில் ஒரு வாசகம் சுவரில் இருக்கும். அதற்குக் கீழே ஏணியைப் போட்டு, அனைத்தையும் காணும் இன்னொரு கண்ணை இவர் திருகிக்கொண்டிருப்பார். சிரிப்பு வரும், ஏளனம் வராது. அவர் ஆத்திகரும் அல்லர், நாத்திகரும் அல்லர், கேள்விக்காரர். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக மனிதன் ஏன் எல்லா இடத்திலும் நினைக்கிறான் என்பது அவரை வெகு நாள் குடைந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத போலிக் கேமராக் கூடுகளையும் அவர் விற்றார். அவற்றை மாட்டிய கடைகளில் களவு குறைந்தது. வெறுங்கூட்டின் முன்னால் ஒருவன் கையைச் சுருக்கிக்கொள்கிறான் என்றால், சுருங்கவைப்பது கூடா, அவன் தலைக்குள் இருக்கும் ஏதோ ஒன்றா?

நூலகத்தில் எடுத்த மூளையைப் பற்றிய ஒரு புத்தகம் அவருக்குப் பாதி விடை தந்தது. ஆதி மனிதர் இருவர் புல் அசைவதைக் கண்டார்களாம். ஒருவன் காற்றா புலியா என்று ஆராய்ந்துகொண்டு நின்றான். மற்றவன் எதையும் கேளாமல் ஓடினான். பெரும்பாலும் அது காற்றாகவே இருந்தது. ஆனால் ஒரு நாள் அது புலியாக இருந்தது. நின்றவனுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. காற்றுக்கும் சேர்த்து ஓடியவனின் பேரப்பிள்ளைகளே நாம். ஆகவே, அசைவைக் கண்டால் 'என்ன?' என்று கேட்குமுன் 'யார்?' என்று கேட்கும்படி மூளை அமைந்துவிட்டது. இடி இடித்தபோதும் யார் என்றது. நோய் வந்தபோதும் யார் என்றது. தெய்வங்களுக்கு அங்கேதான் கதவு திறந்தது என்று அந்நூல் கூறியது.

மணிக்காரருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையிலேயே சலவைக் கடைக்காரரிடம் போய், "இயற்கையும் நம்ம தொழில்தான் பண்ணியிருக்குங்க! திருகைப் பொய் மணிப் பக்கம் சாய்ச்சு வெச்சிருக்கு" என்றார்.

"அப்போ நம்ம முப்பாட்டன் எல்லாரும் பயந்தாங்கொள்ளின்னு சொல்றீங்க."

"பயந்தாங்கொள்ளிதானே பிழைச்சான்!"

அந்தப் பாதி விடையின் மறுபாதி தம் அக்காள் வீட்டில் இருக்கிறது என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

அக்காள் ஒரு மாடி வீட்டில் தனியே இருந்தாள். கீழே தையல்காரம்மாள் குடியிருந்தாள். மாடிக்கு வெளிப்புறமாக இரும்புப் படிக்கட்டு. நடுவில் திரும்பும் இடத்தில் கனத்த இரும்புத் தட்டு ஒன்று. அக்காளின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். பள்ளியில் கரும்பலகை தெரியாமல் மக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்த மைத்துனனை இழுத்துக்கொண்டு போய், கண்ணாடி மாட்டி, வாசலில் நிறுத்தி, "இப்போ பார்" என்றவர் அவர்தான். மரத்தில் தனித்தனியாக இலை இருக்கும் என்பதை மணிக்காரர் அன்றுதான் கண்டார். அதற்குப்பின் அத்தான் என்றால் அவருக்கு எல்லோரையும்விட ஒரு படி மேல். சென்ற ஆண்டு, கடையில் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தபடியே அத்தான் மேசையில் தலை சாய்ந்தார், எழவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு அக்காள் ஒன்றைக் கேட்கத் தொடங்கினாள். அந்தி சாயும் நேரத்தில், அத்தான் உயிரோடிருந்தபோது கடையைப் பூட்டிவிட்டு வரும் வேளையில், இரும்புப் படியில் காலடி ஏறி வந்தது. கேட்டதும் அவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். படிக்கட்டின் கைப்பிடிமேல் வளைந்து கீழே பார்ப்பாள். ஒருமுறை நிலைப்படி தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகுமுன் மறுபடியும் ஓடினாள்.

அக்காளின் மகள் தொலைபேசியில் அழுதாள். "மாமா, அடுத்த தடவை அம்மா நிலைப்படியில விழ மாட்டாங்க. படிக்கட்டுல தலைகீழா விழுவாங்க. என்கூட வந்து இருங்கன்னா, 'உங்கப்பா வந்து கதவு தட்டும்போது வீடு பூட்டியிருந்தா என்ன நினைப்பார்'னு கேக்குறாங்க. நீங்கதான் ஏதாவது செய்யணும்."

மணிக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அக்காள் பீன்ஸை நறுக்கிக்கொண்டிருந்தாள்; தம்பியின் பையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னடா, அவரைப் பிடிச்சுக் குடுக்க வந்தியா?"

"இல்லக்கா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு..."

"நான் அரண்டவளா? என் மூஞ்சியைப் பாரு. பயந்த மாதிரியா இருக்கு?"

அவர் பார்த்தார். இல்லை. அவள் முகம் பயந்த முகமாக இல்லை. விருந்தினர் வரும் வீட்டின் முகமாக இருந்தது. நூலகத்துப் புத்தகம் அந்த இடத்தில் முதன்முறையாகச் சறுக்கியது. புல் அசைந்தால் ஓடியவன் புலிக்குப் பயந்து அப்பால் ஓடினான்; இவள் ஓசையை நோக்கியல்லவா ஓடுகிறாள்?

"அப்போ ஒண்ணு பண்ணலாம்க்கா. படிமேல ஒரு கண்ணு வெக்கிறேன். மணி வேண்டாம், விளக்கு மட்டும். யாராவது ஏறினா பெட்டியில சிவப்பு விளக்கு எரியும், நாம அணைக்கிற வரைக்கும்."

அக்காள் கத்தியைக் கீழே வைத்தாள். "சரி. பந்தயம். உன் பெட்டி யாரும் இல்லைன்னு சொன்னா, நான் வாயைத் திறக்காம என் மக வீட்டுக்குப் போறேன். ஆள் இருக்குன்னு சொன்னா, நீயும் உன் மருமகளும் இதைப் பத்தி இனி மூச்சு விடக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

காலை வெயில் வீட்டின் முன்புறத்தில் இருந்தது; படிக்கட்டு நிழலில் குளிர்ந்து கிடந்தது. மணிக்காரர் மேல்தளத்தில் பெட்டியைப் பொருத்தி, அதன் கண்ணைப் படிகளை நோக்கித் தாழ்த்தினார். மூடியைத் திறந்து திருகைச் சரிசெய்தார். கீழிருந்து ஒருமுறை நடந்து, ஒருமுறை தவழ்ந்து ஏறினார். தையல்காரம்மாள் வாயில் ஊசியோடு வெளியே வந்து, "என்னங்க இது, இந்த வயசுல?" என்றாள். சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்தது. விளக்கை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை விழித்திருக்க விட்டுப் போனார்.

மறுநாள் அந்தியில் வந்தபோது, அவர் படியில் கால் வைக்குமுன்பே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

 அக்காள் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். பூனையாக இருக்கும் என்றார் மணிக்காரர். படியில் மாவைத் தூவி வைத்தார். மறுநாள் மாவில் ஒரு சுவடும் இல்லை, விளக்கு எரிந்தது. அதற்கு மறுநாளும் எரிந்தது. மருமகள் தொலைபேசியில், "என்ன மாமா சொல்லுது? ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுங்களேன், பொய்யானாலும் பரவாயில்ல" என்றாள்.

"மணி விஷயத்துல நான் பொய் சொன்னதில்லம்மா. அவங்க கண்ணு முன்னால எரியுது. நான் என்ன சொல்ல?"

"குதிரை கீழே தள்ளினது போதாதுன்னு குழியும் பறிச்சிட்டீங்க மாமா!"

அதற்கடுத்த நாள் பகல் முழுவதும் மழை. அன்று காலடியும் கேட்கவில்லை, விளக்கும் எரியவில்லை. மணிக்காரருக்கு உள்ளே ஒரு மூலையில் பொறி தட்டியது.

"மழை நாள்ல வரமாட்டார்டா" என்றாள் அக்காள், பால் காய்ச்சிக்கொண்டே. "எனக்கு முன்னாடியே தெரியும். கண்ணாடி நனைஞ்சா அவருக்குப் பிடிக்காது. கடையிலேயே நின்னுடுவார்."

மேசைமேல் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றொன்றில் நாள்தோறும் அந்திக்கு முன் தேநீர் ஊற்றி, ஆறிய பிறகு அவளே குடித்துவிடுவாளாம். வீட்டில் அந்தி விளக்கு ஏற்றும்வரை கதவைத் தாழிடுவதில்லையாம். கீழே தையல்காரம்மாளுக்கும் இப்போதெல்லாம் காலடி கேட்கிறதாம். "அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்கம்மா, என் பையனுக்கு ஒரு வேலை அமையணும்" என்று போன வாரம் கேட்டுக்கொண்டாளாம்.

மணிக்காரர் கோப்பையைப் பார்த்தபடியே இருந்தார். வருகைக்கு ஒரு வேளை. படைக்க ஒரு பொருள். கடைப்பிடிக்க ஒரு விலக்கு. வராத நாளுக்கு ஒரு காரணம். வேண்டிக்கொள்ள வெளியிலிருந்து ஓர் அடியார். யாரும் திட்டமிடாமல், ஒரு படிக்கட்டைச் சுற்றி ஒரு சமயமே முளைத்துவிட்டது. அற்புதத்துக்குச் சாட்சி சொல்லக் கருவியோடு வந்தவன் ஒருவன்தான் பாக்கி. அந்த வேலையையும் தாமே செய்தாயிற்று.

வானம் வெளுத்த மறுநாள், கடையைச் சாத்திவிட்டுப் பிற்பகலிலேயே போனார். அக்காள் உள்ளே கண்ணயர்ந்திருந்தாள். படிக்கட்டில் உட்காரப் போனவர் துள்ளி எழுந்தார். இரும்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தி வெயிலைப் பார்த்தார். படிக்கட்டு மேற்கு நோக்கி இருந்தது. வெப்பம் பார்க்கும் கண்ணை வெயில் விழும் இடத்தை நோக்கி வைக்கக்கூடாது என்பது இத்தொழிலில் அரிச்சுவடி. காலையில், நிழலில், குளிர்ந்த இரும்பின்மேல் நின்று வேலை செய்ததால் அது நினைவில் எழவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். இவரோ யானை பிடிக்கக் குழி வெட்டி, அதில் தாமே விழுந்திருந்தார்.

தாம் ஏறியதில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டு, பையை விரித்துப் போட்டு அதன்மேல் அசையாமல் உட்கார்ந்தார். கதிரவன் எதிர்க் கட்டடத்தின் பின்னால் இறங்க, அதன் நிழல் தெருவைக் கடந்து வந்து கீழ்ப்படியைத் தொட்டது. சிறிது நேரத்தில் 'டக்' என்றது. நிழல் அடுத்த படிக்கு ஏறியது. 'டக்.' பகலெல்லாம் காய்ந்து விரிந்த இரும்பு, நிழல் பட்டதும் சுருங்கி, படிகளைப் பிணைத்திருக்கும் தறையாணியின் பிடியில் சற்றே நழுவுகிறது. ஒவ்வொரு படியாக, கீழிருந்து மேலாக, ஆள் ஏறும் நடையில். நடுத்தட்டு கனமானது, அது ஆற வெகு நேரம் பிடித்தது. ஆகவே அங்கே ஒரு மௌனம். அத்தானும் அந்த இடத்தில்தான் நின்று மூச்சு வாங்குவார். பிறகு மறுபடியும் டக், டக். நிழல் அவர் முழங்காலைத் தாண்டி மேலே போயிற்று. தலைக்குமேல் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. சூடான இரும்பின் குறுக்கே குளிர் நகர்ந்ததைப் பெட்டி ஆள் நகர்வதாக எடுத்துக்கொண்டது.

இந்த ஓசை என்றும் இருந்திருக்க வேண்டும். வருகிறவர் வந்துகொண்டிருந்த காலத்தில் இரும்பின் ஓசைக்குச் செவிகொடுக்க இங்கே யாருக்கு நேரம்?

ஆனாலும் அவருக்கு ஒன்று உறுத்தியது. வெயிலில் வைத்தாலும், திருகு பாதியில் இருந்தால் இந்தப் பெட்டி ஒரு நிழலுக்கு இப்படி அலறாது. மூடியைக் கழற்றிப் பார்த்தார். திருகு கடைசிவரை திரும்பி, அதற்குமேல் திரும்ப இடமில்லாமல் நின்றது. வேறு யாரும் அதைத் தொடவில்லை. தொட்டது அவர் கைதான். ஆயிரம் கடைகளில் பாதியைத் தாண்டாத கை அன்று தன்பாட்டில் போயிருக்கிறது.

உள்ளே அக்காள் ஓடி வரும் ஓசை கேட்டது. அவர் எழுந்து, கதவு திறக்கும் இடத்தில் குறுக்கே நின்றுகொண்டார். அவள் அவர்மேல் மோதி நின்றாள்.

"நீயா? சத்தம் கேட்டுச்சே..."

"உக்காருக்கா. ஒண்ணு காட்டணும்."

சொல்லாமல் விட்டால் அவள் மகிழ்ச்சியாக ஓடி ஒரு நாள் விழுவாள். சொன்னால் விழமாட்டாள், ஆனால் அந்த முகம் என்னவாகும்? ஊமை மணியாக இருக்க அவர் மனம் இடம் தரவில்லை. சொன்னார். நிழலைக் காட்டினார், அவள் உள்ளங்கையை எடுத்துச் சூடான படியிலும் ஆறிய படியிலும் வைத்துக் காட்டினார். மிச்சமிருந்த ஒரு படி அவர்கள் கண்ணெதிரே 'டக்' என்றது.

அக்காள் அந்தப் படியை விரல் கணுவால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை நாளா நான் இரும்புக்காடா டீ போட்டேன்?"

 கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்; சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"மழை நாள்... வெயில் இல்ல. அதான் வரல. நான் பாரு, கண்ணாடி நனையும்னு அவருக்காக நானே சாக்குச் சொல்லியிருக்கேன்." பிறகு பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். "நான்தான் பைத்தியக்காரி. இதுக்கு என்ன வந்துச்சு? நீ வெக்கிற பெட்டி இப்படி ஏமாந்ததே இல்லையே."

"திருகைக் கடைசிவரைக்கும் வெச்சிருந்திருக்கேன்க்கா."

"ஏன்?"

"தெரியல. கை தானாப் போயிருக்கு. தப்பித் தவறி அவர் வந்து, என் பெட்டி பார்க்காம விட்டுட்டா..."

அக்காள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பந்தயத்துல ஜெயிக்க வந்தவன் நீ. தோக்கணும்னு திருகியிருக்கே."

அவர் அந்தப் புத்தகத்தைப் பற்றி, புல்லையும் புலியையும் பற்றிச் சொன்னார். பயம் திருகைச் சாய்த்தது என்றார். அவள் பாதியிலேயே தலையை ஆட்டினாள்.

"அது பயத்துக்குச் சரி. எனக்கு எங்கடா பயம்? உன் மருமகளோட குழந்தையைப் பாரு. அவன் அப்பா வேலைக்குப் போய்க் கதவைச் சாத்தினதும் கதவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கும். கண்ணுல இருந்து போனாலும் ஆள் எங்கேயோ இருக்காருன்னு அதுக்கு யார் சொல்லிக் குடுத்தா? அது தெரியலைன்னா குழந்தை ஒரு நிமிஷம் தாங்குமா? மூளை முதல்ல கத்துக்கிற பாடமே அதுதானே. அப்புறம் அறுபது வயசுல ஒரு நாள், 'இவர் கதவுக்குப் பின்னால இல்ல, எங்கேயும் இல்ல'ன்னு சொன்னா, அது எப்படிடா ஏத்துக்கும்?"

 புலிக்கு ஓடியவனுக்கு ஒரு வீடும் இருந்திருக்கும். அந்தி சாய்ந்தபின் குகை வாசலில் ஒருத்தி காலடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்திருப்பாள். அஞ்சியவனின் பிள்ளைகள் மட்டும் அல்லர் நாம், காத்திருந்தவளின் பிள்ளைகளும்தாம். அவன் ஓசையைக் கேட்டால் அப்பால் ஓடுவான். அவள் அதை நோக்கி ஓடுவாள். தெய்வத்திடம் மனிதன் நடுங்கவும் செய்கிறான், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் செய்கிறான் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை. சரியா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அன்றிரவு நல்ல பசி எடுத்தது.

பந்தயத்தில் மட்டும் அக்காள் புதிய வாதம் ஒன்றைக் கிளப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மகள் குழந்தையோடு அழைத்துப்போக வந்தபோது, பெட்டி படுக்கை எதுவும் கட்டப்படவில்லை.

"தோத்தேன்னு ஒத்துக்கிறேன்" என்றாள். "ஆனா நல்லா யோசிச்சுப் பாரு. நான் ஏன் போகணும்னு சொன்னே? ஓடுறேன், விழுவேன்னு. இப்போதான் அது இரும்புன்னு தெரிஞ்சு போச்சே! இரும்புக்கு யாராவது ஓடுவாங்களா? ஓடலைன்னா விழமாட்டேன். விழலைன்னா எதுக்கு வரணும்?"

"அம்மா, சொன்ன சொல்லு..."

"சொல்லு அங்கேயே இருக்கட்டும். காரணம் போயிடுச்சே!"

"மாமா, நீங்க சொல்லுங்க!"

மணிக்காரருக்கு இரு பக்கமும் இடி. அக்காளின் வாதத்தில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. "ஒரு விஷயம் என்னன்னு தெரிஞ்சிட்டா அப்புறம் அது நம்மை ஒண்ணும் செய்யாதும்மா" என்று இழுத்தார். மருமகள் முறைத்தாள். குழந்தை தரையில் ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தது. பேச்சு நீண்டது, தேநீர் வந்தது, சன்னலில் வெயில் மஞ்சளாகிச் சிவந்தது.

படியில் 'டக்' என்றது.

யாரும் அசையவில்லை. மகள் தாயைப் பார்த்தாள். தாய் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பார்த்தாயா என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். டக், டக் என்று ஏறி வந்தது. நடுத்தட்டில் நின்றது. அந்த மௌனம் வழக்கத்தைவிட நீண்டதாகத் தோன்றியது. குழந்தை கரண்டியை விட்டுவிட்டுக் கதவின் பக்கம் தலையைத் திருப்பியது. பிறகு மேற்படிகளில் மறுபடியும் டக் என்றதும், நாற்காலி ஒன்று பின்னால் உருண்டு விழுந்தது.

மணிக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எழுந்தது மட்டுமன்று; அறையின் பாதியைக் கடந்து, தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டியிருந்தார். தேநீர் அவர் சட்டையிலும் தரையிலும் வழிந்தது. எப்போது எழுந்தார், எப்படி வந்தார் என்று அவருக்கே விளங்கவில்லை. படியைத் தொட்டுப் பார்த்தவர் அவர். நிழலைக் கண்ணால் கண்டவர் அவர். திருகைப் பாதிக்குத் திருப்பி வைத்தவரும் அவர்.

"மாமா?" என்றாள் மருமகள்.

"இல்ல... சும்மா... காத்து வரட்டும்னு கதவைத் திறக்கலாமேன்னு..."

"உக்காருடா" என்றாள் அக்காள். "அது இரும்பு."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் பார்வை தன் கால்களில் இருந்தது. கோத்த கைகள் மடியில் அப்படியே இருக்க, இரண்டு பாதங்களும் நாற்காலிக்குக் கீழிருந்து முன்னே வந்து, குதிகால் தூக்கி, விரல்கள் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தன. எழுவதற்கு இன்னும் ஒரு 'டக்' போதும். அவள் அவற்றை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

வெளியே கடைசிப் படியும் ஆறி அடங்கியது. அக்காள் தரையில் கொட்டிய தேநீரைத் துணி போட்டுத் துடைத்தாள். கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தினாள். தம்பியை அதில் உட்காரவைத்தாள்.

"எல்லாம் தெரிஞ்ச உனக்கே கால் நிக்கல" என்றாள் மெதுவாக. "எனக்கு எப்படி நிக்கும்? தலைக்குத் தெரிஞ்சது காலுக்குத் தெரியல. என்னைக்காவது ஒரு நாள் இது என்னைப் படியில தள்ளிடும். பாவம், அவர்மேல பழி வரும்." மகளைப் பார்த்தாள். "அலமாரி மேல பெரிய பெட்டி இருக்கு, எடு. என் துணியை நானே மடிக்கிறேன். நீ மடிச்சா கசக்கிடுவே."

மகள் நாற்காலிமேல் ஏறிப் பெட்டியை இறக்கினாள். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. அக்காள் ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். பாதி அடுக்கியவள், ஒரு போர்வையை மார்போடு பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"ஏண்டி, உங்க வீட்டு லிஃப்ட் ஏறி வரும்போது சத்தம் போடுமா?"

"போடும்மா. பழைய லிஃப்ட். நம்ம மாடியில வந்து நின்னா டங்குன்னு ஒரு சத்தம் வரும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்று அக்காள் போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

மருமகள் மாமனைப் பார்த்தாள். மணிக்காரர் முகத்தில் எதையும் காட்டாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அவன் இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.